ஓடைத் திரட்டியில் பன்னிரண்டு வருஷம்

தொழில்நுட்பச் செய்திகளை எங்கே படிக்கிறாய் என்று யாராவது கேட்டால், திரட்டியில் என்பேன். கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் புரியாது. ஆர்எஸ்எஸ் என்று சொன்னால், "அது இன்னும் இருக்கிறதா?" என்பார்கள். இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக மென்பொருள் உலகத்துச் செய்திகளை நான் அதன் வழியாகத்தான் படித்து வருகிறேன். இத்தனை நாள் ஒன்றைப் புழங்கினால் அதன் நல்லது கெட்டது இரண்டும் கைக்குப் பழகிவிடும். அதைத்தான் எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு தளம் தான் புதிதாக வெளியிட்டவற்றை எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவக் கோப்பு ஒன்றில் எழுதி வைக்கும். தலைப்பு, இணைப்பு, தேதி, கொஞ்சம் உள்ளடக்கம், அவ்வளவுதான். அது ஓடை. அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதியதை மட்டும் எடுத்து வந்து தேதிப்படி அடுக்கித் தருவது திரட்டி. ஆர்எஸ்எஸ் என்பது இந்த ஓடைக்கான வடிவம், 1999இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனம் தன் முகப்புத் தளத்துக்காகக் கொண்டுவந்தது. 2002இல் ஆர்எஸ்எஸ் 2.0 வந்தது, 2005இல் ஆட்டம் என்ற தரம் வந்தது. அதற்கப்புறம் அடிப்படையில் பெரிய மாற்றம் இல்லை. பாட்காஸ்ட் கேட்கிறவர்களில் பலர் தெரியாமலேயே இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். புது அத்தியாயம் செயலிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஆர்எஸ்எஸ் கோப்பு வழியாகத்தான்.

நான் தொடங்கியது 2013இல். அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதி கூகுளின் திரட்டியான கூகுள் ரீடர் மூடப்பட்டது. அதைப் பற்றிய பேச்சில்தான் ஓடை என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தெரிய வந்தது. இணையத்தில் இயங்கும் ஒரு சின்ன சேவையில் கணக்குத் திறந்தேன். ஐந்து வருஷம் அதில் குறையில்லாமல் போனது. அப்புறம் ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது: முப்பது நாளில் மூடுகிறோம், உங்கள் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை எடுப்பது ஒரு நிமிட வேலை. ஓபிஎம்எல் என்றொரு கோப்பு வடிவம் இருக்கிறது. நீங்கள் பின்தொடரும் ஓடைகளின் முகவரி, நீங்கள் பிரித்து வைத்த அடைவுகள் எல்லாம் அதில் அப்படியே இறங்கும். வேறொரு திரட்டியில் அதை ஏற்றினால் பழைய வீட்டில் இருந்த அடுக்கு புது வீட்டிலும் அப்படியே வந்துவிடும். இவ்வளவு சுலபமாக இடம் மாற விடும் மென்பொருள்கள் குறைவு. ஆனால் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. ஓபிஎம்எல்லில் ஓடைகளின் பட்டியல்தான் வரும், நட்சத்திரம் போட்டுச் சேமித்த கட்டுரைகள் வராது. ஐந்து வருஷத்தில் நான் நட்சத்திரம் போட்டவை நானூற்றுச் சொச்சம். கடைசி வாரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து இணைப்பை ஓர் உரைக்கோப்பில் ஒட்டினேன். இருநூறைத் தாண்டியதும் கை ஓய்ந்துவிட்டது. மீதியில் பல கட்டுரைகளின் மூலத்தளமே இல்லாமல் போயிருந்தது. திரட்டிக்குள் இருந்த பிரதிதான் கடைசிப் பிரதி. அதுவும் போயிற்று. இன்றைக்கும் சில கட்டுரைகளின் தலைப்பு மட்டும் நினைவில் இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை.

அந்த வலியில்தான் என் சொந்த வழங்கியில் (சர்வரில்) ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற திரட்டியை நிறுவினேன். கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் அதன் நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்; பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் போதும், தனியாகத் தரவுத்தள வழங்கி ஓட்ட வேண்டியதில்லை. கட்டுரைகள் எல்லாம் ஒரே கோப்பில் இருப்பதால் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்தால் நட்சத்திரங்களும் சேர்ந்தே வந்துவிடும். வாரம் ஒரு முறை எடுத்து வேறொரு வட்டில் வைக்கிறேன். வழங்கி நடத்துவது எல்லாருக்கும் ஒத்துவராது என்று தெரியும். அவர்களுக்குக் காசு கொடுத்துப் பயன்படுத்தும் சேவைகள் இருக்கின்றன, கணினியிலேயே இயங்கும் செயலிகளும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் நட்சத்திரம் போட்டவற்றை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

இதில் என்னை இன்னும் வியக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. கைபேசியில் படிக்க வேறு செயலி வைத்திருக்கிறேன், அது என் வழங்கியோடு பேசுகிறது. இரண்டும் பேசிக்கொள்ளும் மொழி எது தெரியுமா? கூகுள் ரீடரின் பழைய ஏபிஐ, அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று பேச வகுத்த விதிமுறை. சேவை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் அது பேசிய மொழியை மற்றத் திரட்டிகளும் செயலிகளும் தங்களுக்குள் பொதுமொழியாக வைத்துக்கொண்டன. ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் அமைப்புப் பக்கத்தில் அந்தப் பெயரை முதல்முறை பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சரி, இதனால் என்ன கிடைத்தது?

எனக்குக் கிடைத்தது செய்தியின் மறுபாதி. மென்பொருள் உலகத்தில் ஒரு அறிவிப்பு வந்த அன்று எல்லாரும் பேசுவார்கள். இரண்டு நாள் கொதிக்கும், அப்புறம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்த அறிவிப்பின் கதை அங்கே முடிவதில்லை. ஆறு மாதமோ மூன்று வருஷமோ கழித்து, யாரும் பார்க்காத நேரத்தில் முடிவு வரும். ஓடைக்குப் பரபரப்பு எது என்று தெரியாது. மூலத்தளம் எழுதினால் கொண்டுவந்து வைக்கும். அதனால் அந்த முடிவுகள் தவறாமல் என் கைக்கு வந்து சேர்ந்தன.

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் அப்பாச்சி என்ற கட்டற்ற உரிமத்தைக் கைவிடுவதாக அதன் நிறுவனமான எலாஸ்டிக் அறிவித்தது. கட்டற்ற மென்பொருள் வட்டாரமே கொந்தளித்தது. அமேசான் பிரிந்துபோய், பழைய நிரலை வைத்து ஓப்பன்சர்ச் என்று தனிக் கிளை தொடங்கியது. அந்தக் கோபத்தில் இருந்த பலருக்கு, 2024 ஆகஸ்டில் எலாஸ்டிக் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தைச் சேர்த்தது தெரியாது. ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு மென்பொருளின் கதையும் அதே சாயல்தான். 2024 மார்ச்சில் பிஎஸ்டி என்ற கட்டற்ற உரிமத்தை விட்டார்கள். சில நாட்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் நிழலில் வால்கீ என்ற கிளை பிறந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8 ஏஜிபிஎல்லோடு வந்தது. ஆனால் வால்கீ திரும்பி வரவில்லை, தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு கதையையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. உரிமத்தை மாற்றுவது ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது, பிரிந்துபோனவர்களைத் திரும்ப அழைப்பது அதன் கையில் இல்லை. இப்போது வேலையில் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் உரிமம் என்ன என்பதோடு பங்களித்தவர்கள் எழுதிய நிரலின் பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது என்றும் பார்க்கிறேன். எல்லா உரிமையும் ஒரே நிறுவனத்திடம் இருந்தால் உரிமத்தை மாற்ற அது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

விளையாட்டுகளை உருவாக்கும் எஞ்சினான யூனிட்டி விஷயம் இன்னும் சுருக்கம். 2023 செப்டம்பர் 12ஆம் தேதி, ஒரு விளையாட்டு இத்தனை முறைக்கு மேல் நிறுவப்பட்டால் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தார்கள். பத்து நாளில் தளர்த்தினார்கள், அடுத்த மாதம் தலைமை நிர்வாகி விலகினார், 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே ரத்து செய்தார்கள். நண்பர் ஒருவர் முதல் அறிவிப்பு வந்த வாரமே வேறு எஞ்சினுக்கு மாறினார். ரத்தான செய்தியை நான் அனுப்பியபோது அவருக்கு அது புதுச் செய்தி. மாறியதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம்.

இப்படிப் படிப்பதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். செய்தித் தளங்களைவிட மூலங்களைத்தான் அதிகம் பின்தொடர்கிறேன். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹபில் எந்தத் திட்டத்தின் முகவரிக்கும் கடைசியில் சாய்கோடு போட்டு ரிலீசஸ் புள்ளி ஆட்டம் (/releases.atom) என்று சேர்த்தால் அதன் வெளியீட்டு ஓடை கிடைக்கும். இது பலருக்குத் தெரியவில்லை. நான் வேலையில் பயன்படுத்தும் நிரலகங்கள் (லைப்ரரிகள்) எல்லாவற்றையும் இப்படிச் சேர்த்து ஓர் அடைவில் போட்டிருக்கிறேன். பதிப்பு எண் மட்டும் ஏறிய சின்ன வெளியீடுகள் நிறைய வரும், அவற்றைத் தலைப்பைப் பார்த்துத் தானாகப் படித்ததாகக் குறிக்க ஒரு வடிகட்டி வைத்துவிட்டேன். மிச்சம் இருப்பதில் "இந்த வசதி அடுத்த பதிப்பில் நீக்கப்படும்" என்ற வரியைத் தேடிப் பார்ப்பேன். மூன்று முறையாவது அந்த ஒரு வரி எங்கள் குழுவை இரவு வேலையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

தொல்லைகளும் இருக்கின்றன. முதலாவது, அடைப்பு. சமீப காலமாகத் தானியங்கி நிரல்களைத் தடுக்கிறோம் என்று தளங்கள் வாசலில் சோதனை வைக்கின்றன. தங்கள் ஓடைக்கே அந்தச் சோதனையைப் போட்டுவிடுகிறார்கள். ஓடையைப் படிக்க வருவது நிரல்தானே, மனிதன் எப்படி வருவான்? ஒரு தளத்துக்கு எழுதிக் கேட்டேன், இரண்டே நாளில் விலக்கு கொடுத்தார்கள். இன்னொரு தளம் பதிலே போடவில்லை, விட்டுவிட்டேன். இதில் நம் பக்கத்துக் கடமையும் ஒன்று உண்டு. நல்ல திரட்டி ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் இறக்காது. "போன முறைக்கு அப்புறம் ஏதாவது மாறியதா?" என்று கேட்கும், மாறவில்லை என்றால் வழங்கி 304 என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பிவிடும். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை. படிக்கிற எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்கும் ஓடையில் ஓர் அடையாள எண் இருக்கும். தளத்தைப் புதுப்பிக்கிறவர்கள் அதை மாற்றிவிட்டால், பத்து வருஷத்துப் பழைய பதிவுகள் எல்லாம் புதிதாக வந்து நிற்கும். ஒரு காலையில் திறந்தபோது ஒரே தளத்திலிருந்து நூற்றைம்பது பதிவுகள் நின்றன. முதல் வரியைப் படித்ததுமே பழையது என்று தெரிந்தது.

மூன்றாவது என் பக்கத்துத் தவறு. ஒரு கட்டத்தில் ஓடைகளின் எண்ணிக்கையை நானூறுக்கு ஏற்றிவிட்டேன். படிக்காதவை நாலு இலக்கத்தில் நின்றன. திறக்கவே மனசு வராமல் இரண்டு மாதம் மூடியே வைத்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டு, ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் எழுதும் தளங்களை மொத்தமாக எடுத்தேன். நூற்றிருபது மிஞ்சியது. இப்போது காலையில் இருபது நிமிஷம் படித்தால் பட்டியல் தீர்ந்துவிடும். பக்கம் முடிந்தது என்று காட்டும் அந்த வெற்றுத் திரையைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. முடிவே இல்லாமல் உருளும் பக்கங்களில் இது கிடைக்காது.

எனக்கு மிகவும் பிடித்த அடைவுக்கு "எப்போதாவது" என்று பெயர் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ எழுதுகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். பெரும்பாலும் தனி ஆளாக ஒரு கருவியைப் பராமரிக்கிறவர்கள். 2024 மார்ச் 29ஆம் தேதிக்கு அப்புறம் அந்த அடைவை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அன்றுதான் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியில் யாரோ பின்வாசல், அதாவது திருட்டுத்தனமாக நுழைய ரகசிய வழி, வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் வெளியிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவிப் போனவர் அவர். பின்வாசல் வைத்தது, இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பொறுமையாகப் பங்களித்து இணைப் பராமரிப்பாளராக உயர்ந்த ஒரு பெயர். இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அதன் மூலப் பராமரிப்பாளர் 2022இலேயே அஞ்சல் பட்டியலில் எழுதியிருந்தார். எழுதியது அங்கேயே இருந்தது, படிக்கத்தான் ஆட்கள் குறைவு.

போன மாதம் அந்த அடைவில் ஒரு பதிவு வந்தது. நாங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு சின்ன நிரலகத்தை எழுதியவர், பத்தொன்பது மாத மௌனத்துக்குப் பிறகு நான்கு வரி எழுதியிருந்தார்: நேரம் கிடைப்பதில்லை, வழுக்களை (நிரல் பிழைகளை) பார்க்க யாராவது கை கொடுத்தால் நன்றாக இருக்கும். அன்று மாலையே குழுவில் பேசி, மாதம் இரண்டு நாள் அதற்கென்று ஒதுக்கினோம். திறந்து கிடந்த வழுக்களில் பதினொன்றை இதுவரை மூடியிருக்கிறோம். நேற்று அவருடைய ஓடையில் புதுப் பதிப்பு வந்தது. அதற்கும் நட்சத்திரம் போட்டு வைத்தேன்.