அப்பாவின் கிராஜுட்டி சித்தப்பா கணக்குக்குப் போனது: எஸ்டேட் குடும்பங்கள் கவனத்துக்கு

உங்கள் அப்பாவோ அம்மாவோ எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார்கள் என்றால், இன்றைக்கே அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "வேலைக்குச் சேர்ந்தப்போ நாமினின்னு யார் பேரை எழுதிக் கொடுத்தீங்க?" எங்கள் வீட்டில் யாரும் இதைக் கேட்டதில்லை. நாமினி என்றால், தனக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று தொழிலாளி எழுதிக் கொடுக்கும் பெயர். கேட்காமல் விட்டதற்கு, அப்பாவின் சர்வீசுக்காக எஸ்டேட் தர வேண்டிய கிராஜுட்டி (பணிக்கொடை) பணத்துக்கு இருபது மாதம் அலைந்தோம்.

அப்பா இறந்தது 2021 நவம்பரில். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் 33 வருட சர்வீஸ். 1964-ஆம் வருட இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா 1988-இல் பேர் பதிந்து, கவாத்து, மருந்தடிப்பு என்று காட்டிலேயே பாடுபட்டு, கடைசிப் பத்து வருடம் பேக்டரியில் இருந்தார். ரிட்டையர் ஆக இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது. ஒரு ராத்திரி நெஞ்சுவலி என்று கோயம்புத்தூருக்குக் கிளம்பினோம், குஞ்சப்பனை தாண்டும்போதே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே சித்தப்பா நாலைந்து தாளோடு வந்தார். அவரும் அதே எஸ்டேட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். "அண்ணி, ஆபீஸ்ல பணம் சீக்கிரம் வரணும்னா இதுல கையெழுத்துப் போடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். இரண்டு தாளில் எதுவுமே எழுதப்படவில்லை. நான் பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். என்ன தாள் என்று நானும் கேட்கவில்லை. அப்பாவைத் தோளில் சுமந்துபோன மனிதரைப் பத்தாம் நாளில் யார் சந்தேகப்படுவார்கள்?

அப்புறம் ஏழு மாதம் ஒரே பதில். "கோயம்புத்தூர்ல இருந்து வரணும் அண்ணி", "ஆபீஸர் மாறிட்டாராம்", "தீபாவளிக்குள்ள வந்துரும்." அம்மா தினக்கூலிக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டு காத்திருந்தார். நான் திருப்பூரில் இருக்கிறேன், பனியன் கம்பெனி வேலை, லீவு கிடைப்பதே கஷ்டம். 2022 ஜூன் மாதம் அப்பாவின் சர்வீஸ் சர்டிபிகேட் கேட்டு நானே எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். பழைய பெரிய கிளார்க் அன்றைக்கு லீவு. புதிதாக வந்திருந்த பையன் பைலைத் தேடி எடுத்து, "கிராஜுட்டி செட்டில் ஆயிடுச்சேக்கா, டிசம்பர்லயே" என்றான்.

அந்த பைலை என் முன்னாலேயே திருப்பிக் காட்டினான். மடித்த இடமெல்லாம் கிழிந்து, செலோ டேப் ஒட்டிப் பழுப்பேறிய தாள். நாமினேஷன் படிவம், 'எஃப்'. வருடம் 1989. கீழே அப்பாவின் கையெழுத்து, பிற்காலத்தில் போட்டதைவிடச் சின்னதாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து மாதிரி. நாமினி என்ற இடத்தில் சித்தப்பா பெயர், உறவு 'தம்பி', பங்கு நூறு. அதற்குப் பின்னால் வவுச்சர். நாள் கூலி 340, வருடத்துக்கு 15 நாள் கூலி, 33 வருடம், மொத்தம் 1,68,300 ரூபாய். சித்தப்பாவின் பேங்க் கணக்கு எண். கூடவே, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அம்மா எழுதிக் கொடுத்ததுபோல ஒரு கடிதம். அந்தக் கையெழுத்து முறத்தின் மேல் போட்டதுதான்.

அப்பா அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அம்மாவைக் கட்டியது 1992-இல். தம்பி பெயரை எழுதியதில் அப்பா மேல் தப்பு ஒன்றும் இல்லை, அப்போது அவருக்கு இருந்தது தம்பிதான். ஆனால் எங்கள் லைனுக்கும் (தொழிலாளர் வீட்டு வரிசை) எஸ்டேட் ஆபீசுக்கும் இருநூறு அடிகூட இருக்காது. அம்மா யார், நாங்கள் யார் என்று அந்தப் பெரிய கிளார்க்குக்கு முப்பது வருடமாகத் தெரியும். தெரிந்தும், வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பி ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தைக் கொடுத்தார்கள். இதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

மேனேஜரைப் பார்த்தோம். "நாமினிக்குக் கொடுத்தாச்சு, எங்க பொறுப்பு முடிஞ்சது. உங்க குடும்பத் தகராறை வெளியில வச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சமயத்தில் டவுனில் ஒரு புரோக்கர், ஒரே மாதத்தில் வாங்கித் தருகிறேன் என்று 12,000 ரூபாய் வாங்கினார். ஒரு மனுகூட எழுதவில்லை, அப்புறம் போனையே எடுக்கவில்லை. அப்படி யாராவது உங்களிடம் வந்தால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆதார் நகலோ, போனுக்கு வரும் ஓ.டி.பி.யோ கொடுக்கவே வேண்டாம்.

வழி காட்டியது ஒரு தொழிற்சங்கப் பெரியவர். அவர் சொன்னதைத்தான் எல்லா எஸ்டேட் குடும்பமும் மனப்பாடம் செய்ய வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் வருடத்து பணிக்கொடைச் சட்டத்தில் ஆறாவது பிரிவு (2025 நவம்பரில் அதற்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). குடும்பம் இல்லாத காலத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் நாமினியாக எழுதலாம். ஆனால் அதற்குப் பிறகு கல்யாணம் ஆனால், அந்த நாமினேஷன் அத்தோடு செல்லாது. புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண் தொழிலாளிக்குக் குடும்பம் என்பது மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் என்று அந்தச் சட்டம் வரிசை சொன்னது. அந்த வரிசையில் தம்பி இல்லை. ஆக, 1989 தாள் 1992-லேயே வெற்றுத்தாள் ஆகிவிட்டது.

தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். நானும் தம்பியும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக் கொடுத்து எழுதினோம். வாரிசு கேட்கும் 'கே' படிவத்தை எஸ்டேட்டுக்கு ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். பதிலே வராததால் குன்னூரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் 'என்' (N) படிவத்தில் மனு போட்டோம். இதை 90 நாளுக்குள் போட வேண்டும் என்று அப்போதைய விதி இருந்தது. தாமதமானால் காரணத்தை எழுதுங்கள், நியாயமாக இருந்தால் ஏற்பார்கள். வக்கீல் இல்லாமல்தான் போனோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் ராத்திரி திருப்பூரில் பஸ் ஏறுவேன். விடிகாலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி, குளிரில் நடுங்கிக்கொண்டு குன்னூர் பஸ்ஸுக்கு நிற்பேன்.

சித்தப்பாவும் ஒரு வாய்தாவுக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்குச் செலவாகிவிட்டது, எங்கே போய்க் கொடுப்பேன் என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

2023 மே மாதம் உத்தரவு வந்தது. செல்லாத நாமினேஷனை நம்பிக் கொடுத்தது எஸ்டேட்டின் தவறு, மனைவிக்குக் கொடுக்க வேண்டிய பணம் அப்படியே நிற்கிறது, சித்தப்பாவிடம் வசூலிப்பது எஸ்டேட் பாடு என்று எழுதியிருந்தார்கள். கிராஜுட்டி 30 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டியது, தாமதத்துக்கு வருடம் 10 சதவீதம் சாதாரண வட்டி. ஜூலையில் வட்டி மட்டுமே 26,000 ரூபாய்க்கு மேல் சேர்ந்து அம்மாவின் கணக்கில் ஏறியது. கொடுக்காமல் இழுத்திருந்தால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம். அந்த அளவுக்குப் போகவில்லை.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கதை வேறு. அதற்கும் சித்தப்பா பெயரில்தான் மனு போயிருந்தது. ஆனால் எஸ்டேட் ரிஜிஸ்டரில் அப்பாவின் இனிஷியல் ஒன்று, ஆதாரில் வேறு. அதனால் மனு திரும்பி வந்திருந்தது. எத்தனையோ பேரை அழவைக்கும் அந்த எழுத்துப் பிழைதான் அன்றைக்கு அம்மாவின் பணத்தைக் காப்பாற்றியது. பி.எஃப். திட்டத்திலும் அதே விதிதான், கல்யாணத்துக்கு முந்தின நாமினேஷன் பிறகு செல்லாது. செல்லுபடியாகும் நாமினி இல்லாவிட்டால் குடும்பத்துக்குச் சமபங்கு. அதில் மேஜரான மகனுக்கும், கணவர் உயிரோடிருக்கும் கல்யாணமான மகளுக்கும் பங்கில்லை. எங்கள் வீட்டில் முழுத் தொகையும் அம்மாவுக்கே வந்தது.

சர்வீசில் இருக்கும்போதே இறந்தவர் குடும்பத்துக்கு ஈ.டி.எல்.ஐ. என்ற இன்சூரன்ஸ் பணமும் உண்டு. இறப்பதற்கு முந்தின 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். தொழிலாளியின் கூலியில் இதற்குப் பிடித்தமே கிடையாது, அதனால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. எங்களிடம் எஸ்டேட்டில் யாரும் சொல்லவில்லை. பி.எஃப்.புக்கு 20, விதவைப் பென்ஷனுக்கு 10டி, இன்சூரன்ஸுக்கு 5 ஐ.எஃப். என்று மூன்று படிவம், மூன்றையும் சேர்த்து ஒரே படிவமாகவும் கொடுக்கலாம். விதவைப் பென்ஷன் குறைந்தது மாதம் 1000 ரூபாய். அது மனைவிக்குத்தான், இடையில் யார் பெயரில் தாள் இருந்தாலும்.

சாவு வீட்டில் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால், கேட்பவர் யாராக இருந்தாலும், காரியம் முடியட்டும் என்று சொல்லுங்கள். பி.எஃப். நாமினியை யூ.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணை வைத்து ஆன்லைனில் மாற்றலாம், நாமினியின் ஆதாரும் போட்டோவும் வேண்டும். கிராஜுட்டி நாமினேஷன் தனி, அதை எஸ்டேட் ஆபீசில் கொடுக்க வேண்டும். கொடுத்த நகலில் சீலும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்.

எங்கள் லைனில் விசாரித்தபோது ஏழு வீட்டில் கல்யாணத்துக்கு முந்தின தாள்தான் இருந்தது. ஐந்து பேர் மாற்றிவிட்டார்கள். மாற்றாத இரண்டு பேரில் ஒருவர் என் பெரியம்மா மகன். இதை எழுதி முடித்ததும் முதலில் அவருக்குத்தான் அனுப்பப்போகிறேன்.