பிராக், வியன்னா, புடாபெஸ்ட்: ஒரு வாரம்தான் கையில இருக்குன்னா எங்க போகலாம்?

பாரிஸ், ரோம், லண்டன் எல்லாம் பாத்து முடிச்சவங்களும் சரி, அங்க ரூம் வாடகையைப் பாத்துட்டு வேண்டாம்னு விட்டவங்களும் சரி, அடுத்து வந்து நிக்கறது செக் நாட்டோட பிராக், ஆஸ்திரியாவோட வியன்னா, ஹங்கேரியோட புடாபெஸ்ட்ங்கற இந்த மூணு தலைநகரத்துலதான். மூணுமே ஒரு காலத்துல ஹாப்ஸ்பர்க் ராஜ வம்சம் ஆண்ட பேரரசுக்குள்ள இருந்த ஊருங்க, மூணுலயும் ஆறு இருக்கு, கோட்டையோ அரண்மனையோ இருக்கு, டிராம் ஓடுது, போட்டோவுல பாத்தா அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். அதனாலயே டூர்காரங்க மூணையும் ஏழு நாள்ல அடைச்சு ஒரே பேக்கேஜா விக்கறாங்க. பிராக்ல இருந்து வியன்னாவுக்கு ரயில்ல சுமார் 4 மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட்டுக்கு ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம்னு பேப்பர்ல படிக்க சுலபமாத்தான் இருக்கும், ஆனா ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டி ரூமைக் காலி பண்ணி ஸ்டேஷன் போய் அடுத்த ஊர்ல ரூம் சாவி கைக்கு வர்றதுக்குள்ள பாதி நாள் போயிடும். ஒரு வாரத்துல ரெண்டு ஊருக்கு மேல வேண்டவே வேண்டாம்ங்கறதுதான் என் கட்சி. எந்த ரெண்டுங்கறதை விலையை வெச்சோ போட்டோவை வெச்சோ முடிவு பண்ணாதீங்க. எந்த மாசம் போறீங்க, கூட யார் வர்றாங்க, நாள் முழுக்க நடக்க முடியுமா, இதை வெச்சு முடிவு பண்ணுங்க.

முதல்ல பிராக். இந்த ஊரோட பலமே தெருதான். ரெண்டாம் உலகப்போர்ல பக்கத்து ஊரெல்லாம் நொறுங்கினப்போ பிராக் பெரிய அடி வாங்காம தப்பிச்சுது, அதனால கோதிக், பரோக், ஆர்ட் நூவோன்னு வேற வேற நூற்றாண்டு வீடுங்க ஒரே தெருவுல தோளோட தோள் ஒட்டி நிக்குது, டிக்கெட்னு ஒண்ணு எடுக்காமலே ரெண்டு நாள் வாயைப் பொளந்துட்டு சுத்தலாம். நாலாம் சார்லஸ் மன்னர் 1357ல ஆரம்பிச்ச சார்லஸ் பாலம் அரை கிலோமீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் 30 சிலைங்க. ஆனா காலையில பத்து மணிக்கு மேல அங்க போனீங்கன்னா பாலம் தெரியாது, தலைதான் தெரியும். வெயில் காலத்துல அஞ்சு மணிக்கே வெளிச்சம் வந்துடும், ஆறு மணிக்குள்ள பாலத்துல நில்லுங்க, சிலைங்களுக்கு நடுவுல கோட்டையும் கதீட்ரலும் மேல எழும்பி நிக்கறதை நிம்மதியா பாக்கலாம். பழைய நகர சதுக்கத்துல 1410ம் வருஷத்து வானியல் கடிகாரம் இருக்கு, மணிக்கு ஒரு தடவை எலும்புக்கூடு மணி அடிக்கும், மேல ரெண்டு ஜன்னல்ல அப்போஸ்தலர்கள் வரிசையா வந்துட்டுப் போவாங்க, ஒரு நிமிஷ சமாச்சாரம், அதுக்காக அரை மணி நேரம் கூட்டத்துல நசுங்க வேண்டாம். அதை விட அந்த டயலையே நிதானமா பாருங்க, சூரியன் எங்க இருக்கு, நிலா எங்க இருக்கு, எந்த ராசின்னு எல்லாத்தையும் ஒரே முகத்துல காட்டுற வேலைப்பாடு 600 வருஷத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்காங்க.

பிராக்ல உள்ளே போய் பாத்தே தீரணும்னு நான் சொல்ற இடம் கோட்டை இல்ல, யூதர் பகுதியில இருக்கற பிங்காஸ் சினகாக், அதாவது யூதர்களோட வழிபாட்டு இடம். நாஜிங்க கொன்ன செக் நாட்டு யூதர்கள், கிட்டத்தட்ட 80,000 பேரோட பேரை சுவர் முழுக்க கையால எழுதி வெச்சிருக்காங்க. ஊர் பேர், குடும்பப் பேர், அப்புறம் ஒவ்வொருத்தரோட பேரும் தேதியும், எழுத்து ரொம்பச் சின்னது, கிட்டப் போய் நின்னாத்தான் படிக்க முடியும், தள்ளி நின்னா சுவர்ல ஏதோ டிசைன்னு நினைச்சுப்பீங்க. மாடியில, நாஜிங்க யூதர்களை அடைச்சு வெச்சிருந்த டெரெசின் முகாம்ல இருந்த குழந்தைங்க வரைஞ்ச படங்க. இங்க அவசரமாப் போகாதீங்க. சனிக்கிழமை மூடியிருக்கும், அதைப் பாத்து நாளை வெச்சுக்குங்க.

வியன்னா இதுக்கு நேர் எதிர். தெருவுல நடந்தா அழகாத்தான் இருக்கும், ரிங் ரோடு முழுக்க ராஜா காலத்துக் கட்டடங்க அகலமா சுத்தமா நிக்கும், ஆனா அந்த ஊரோட சொத்து எல்லாம் கதவுக்கு உள்ளதான் இருக்கு. உள்ளே போகாம வெளியில இருந்தே பாத்துட்டு வந்து வியன்னா போரடிக்குதுன்னு சொல்றவங்க நிறைய பேர். ஷோன்ப்ரூன் அரண்மனையில மொத்தம் 1,441 அறை, நமக்குக் காட்டுறது அதுல கொஞ்சம்தான், நேரம் போட்ட டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க. ஆறு வயசு மொஸார்ட் 1762ல மகாராணி மரியா தெரேசா முன்னாடி வாசிச்சது இங்கதான். பின்னாடி தோட்டம் இலவசம், குன்னு மேல இருக்கற குளோரியட் மண்டபம் வரைக்கும் ஏறிப் பாருங்க, ஊரே தெரியும்.

ஆனா ஒரே ஒரு டிக்கெட்தான் எடுப்பேன்னு அடம் பிடிக்கறவங்களுக்கு நான் சொல்றது குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியம். 16ம் நூற்றாண்டு ஓவியர் ப்ரூகலோட படங்க உலகத்துலயே அதிகமா இருக்கற இடம் அது. அவரோட 'பேபல் கோபுரம்' படத்து முன்னாடி எல்லாரும் நிப்பாங்க, நீங்க 1560ல அவர் வரைஞ்ச 'குழந்தைகளோட விளையாட்டு' படத்துக்கிட்ட போங்க. ஒரு ஊர் மைதானத்துல 200க்கு மேல பிள்ளைங்க, 80க்கு மேல விளையாட்டு. கீழே இடது மூலையில ரெண்டு பொண்ணுங்க எலும்புத் துண்டை வெச்சு நம்ம அஞ்சாங்கல் மாதிரியே ஆடிட்டு இருக்கும், ஒரு பக்கம் பச்சைக்குதிரை தாண்டுவாங்க, ஒருத்தன் வளையம் உருட்டிட்டு ஓடுவான், இன்னொரு பொண்ணு தலையை மூடிக்கிட்டு மத்தவங்களைத் தேடிட்டு இருக்கும். நம்ம ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு இதைப் பாத்து முடிக்க கால் மணி நேரம் பத்தாது. 19 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு இந்த மியூசியம் இலவசம், ஓவியர் கிளிம்ட்டோட 'முத்தம்' படம் இருக்கற பெல்வெடேர் மியூசியமும் அப்படித்தான், ரெண்டு பிள்ளைங்களோட போறவங்களுக்கு இதுலயே நல்ல காசு மிஞ்சும்.

இன்னொண்ணு ஆபரா, பாட்டாவே பாடி நடிக்கற மேடை நாடகம். வியன்னா ஸ்டேட் ஆபரால நின்னு பாக்கற டிக்கெட் உண்டு, நல்ல சீட்டு விலையில பத்துல ஒரு பங்கு கூட வராது. உள்ளே போன உடனே நமக்குன்னு ஒரு இடம் பிடிச்சு முன்னாடி இருக்கற கம்பியில ஒரு துண்டோ ஸ்கார்ஃபோ கட்டிட்டா அது நம்ம இடம், யாரும் தொட மாட்டாங்க, அப்படி ஒரு பழக்கம். ஜூலை, ஆகஸ்ட்ல ஆபரா லீவு, அந்த நேரத்துல மொஸார்ட் விக் வெச்சுக்கிட்டு தெருவுல கச்சேரி டிக்கெட் விக்கறவங்க கிட்ட இருந்து வாங்கினது ஸ்டேட் ஆபரா இல்லங்கறதைத் தெரிஞ்சு வாங்குங்க.

இப்போ புடாபெஸ்ட். மூணுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊர் இது, அதை மறைக்காம சொல்லிட்டே எழுதறேன். டான்யூப் ஆறு ஊருக்கு நடுவுல அகலமா ஓடுது, வியன்னாவுலயும் டான்யூப் இருக்குன்னுதான் பேரு, ஆனா பழைய நகரத்துல நின்னா பெரிய ஆறு கண்ணுலயே படாது, கால்வாய்தான் ஓடும். இங்க ஒரு கரையில புடா, மேடு, எதிர்க்கரையில பெஸ்ட், சமதளம், இதோட பக்கத்து ஊரான ஓபுடாவையும் சேத்து 1873லதான் ஒரே நகரமாச்சு. பெஸ்ட் கரையோரமா ஓடுற 2ம் நம்பர் டிராம்ல ஒரு சாதாரண டிக்கெட்டுக்கு ஆறு, பாலம், எதிர்க்கரை கோட்டை, பார்லிமென்ட் எல்லாம் பாத்துடலாம், இருட்டினதுக்கு அப்புறம் விளக்கு போட்டதும் இன்னொரு தடவை அதே டிராம்ல போங்க.

பார்லிமென்ட் உள்ளே கைடோட மட்டும்தான் விடுவாங்க, டிக்கெட் சீக்கிரம் தீந்துடும், ஐரோப்பிய யூனியன் பாஸ்போர்ட் இல்லாதவங்களுக்கு விலை கிட்டத்தட்ட டபுள், அதை முன்னாடியே பட்ஜெட்ல போட்டுக்குங்க. கும்மட்டத்தோட உயரம் 96 மீட்டர், செயின்ட் ஸ்டீபன் பசிலிக்காவும் அதே 96, ஹங்கேரியர்கள் இந்த மண்ணுக்கு வந்தது 896ங்கறதை நினைவு வெச்சு கட்டினது. கும்மட்டத்துக்கு அடியில கண்ணாடிக்குள்ள, ஹங்கேரியோட முதல் மன்னர் புனித ஸ்டீபன் பேர்ல இருக்கற கிரீடம் இருக்கும், மேல இருக்கற சிலுவை ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், எப்பவோ அடிபட்டு வளைஞ்சதை நிமித்தாம அப்படியே வெச்சிருக்காங்க, நாட்டோட சின்னத்துலயே அந்தச் சாய்வு வந்துடுச்சு.

1849ல திறந்த செயின் பாலத்தையும் மத்த டான்யூப் பாலங்களையும் சோவியத் படை ஊரை வளைச்ச 1944-45 முற்றுகையில ஜெர்மன் படை தகர்த்துட்டுத்தான் போச்சு, இப்போ நாம நடக்கற செயின் பாலம் திரும்பக் கட்டி 1949ல திறந்தது. பார்லிமென்ட்ல இருந்து கொஞ்ச தூரம் நடந்தா ஆத்தங்கரைக் கல்லுல இரும்புல வார்த்த செருப்பு, ஷூ, சின்னப் பிள்ளை பூட்ஸ்னு சுமார் 60 ஜோடி. ஹங்கேரியோட நாஜி ஆதரவுக் கட்சியான ஆரோ கிராஸ் ஆளுங்க யூதர்களைக் கரையில நிறுத்தி, செருப்பைக் கழட்டச் சொல்லி, சுட்டு ஆத்துல தள்ளின இடம். 2005ல வெச்ச நினைவுச் சின்னம். அதுல காலை விட்டு செல்ஃபி எடுக்கறவங்களைப் பாத்தா கோபம் வரும், தயவு செஞ்சு உங்க பிள்ளைங்களுக்கு முன்னாடியே கதையைச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

அப்புறம் வெந்நீர்க் குளம். 1913ல கட்டின செச்செனி, அரண்மனை மாதிரி இருக்கற மஞ்சள் கட்டடத்துக்கு நடுவுல திறந்தவெளிக் குளம், குளிர்காலத்துல தலைக்கு மேல ஆவி பறக்கும், கழுத்தளவு தண்ணியில நின்னுட்டு பெரியவங்க செஸ் ஆடிட்டு இருப்பாங்க. துருக்கிய ஆட்சியில 16ம் நூற்றாண்டுல கட்டின ருடாஷ் குளத்தோட எட்டுப் பக்கத் தொட்டியும் கும்மட்டமும் வேற மாதிரி அனுபவம். சின்னப் பிள்ளைங்களை வெந்நீர்க் குளத்துல விட மாட்டாங்க, டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி வயசு விதியைப் பாத்துக்குங்க.

சாப்பாடு வெஜ் ஆளுங்களுக்கு வியன்னாதான் சுலபம், நாஷ்மார்க்ட் சந்தையில ஃபலாஃபல்ல இருந்து எல்லாம் கிடைக்கும், ஞாயித்துக்கிழமை மட்டும் சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடிடும், சனிக்கிழமையே பாலும் பழமும் வாங்கி வெச்சுடுங்க. பிராக்ல வறுத்த சீஸும் உருளைக்கிழங்கும்தான் திரும்பத் திரும்ப வரும். புடாபெஸ்ட்ல லாங்கோஷ்னு எண்ணெயில பொரிச்ச ரொட்டி, மேல பூண்டு, புளிச்ச கிரீம், துருவின சீஸ், சுடச்சுட ஒண்ணு சாப்பிட்டா மதியம் ஓடிடும். சூப்னா மட்டும் கேட்டுட்டு வாங்குங்க, காய்கறி சூப்லயும் எலும்புத் தண்ணி இருக்கலாம்.

காசு விஷயத்துல வியன்னா யூரோ, மத்த ரெண்டும் யூரோ இல்ல. பிராக்ல செக் பணமான கொரூனா மாத்தும்போது தெருக் கடையில ஏமாந்துட்டா மூணு மணி நேரத்துக்குள்ள ரசீதோட போய் ரத்து பண்ணலாம்னு 2019ல இருந்து சட்டமே இருக்கு. ரெண்டு ஊர்லயும் ஏடிஎம் "உங்க நாட்டுப் பணத்துலயே கணக்குப் போடட்டுமா"ன்னு கேட்டா வேண்டாம்னு அமுக்குங்க. தங்கறது, சாப்பிடறது ரெண்டுலயும் செலவு வியன்னாவுலதான் அதிகம்.

அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு வியன்னாவுல யோசிக்கவே வேண்டாம், சமதளம், மெட்ரோவுல லிஃப்ட், நாலு இடம் பாத்துட்டு காபி கடையில உக்காந்தா ஒரே காபிக்கு ரெண்டு மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டாங்க, கூடவே ஒரு கிளாஸ் தண்ணியும் வரும். பிராக்ல கருங்கல் பாவின தெரு, முட்டி வலி இருக்கறவங்களுக்கு சிரமம், கோட்டைக்காவது 22ம் நம்பர் டிராம்ல மேல வரைக்கும் போயிட்டு இறங்கி வாங்க, ஏறாதீங்க. புடாபெஸ்ட்ல கோட்டை மேட்டுக்கு 16ம் நம்பர் பஸ் போகும்.

மாசம்னு பாத்தா, டிசம்பர், ஜனவரியில மூணு ஊர்லயும் சாயங்காலம் நாலு, நாலரைக்கெல்லாம் இருட்டிடும். தெருவை நம்பிப் போற பிராக்குக்கு அது பெரிய நஷ்டம், உள்ளே பாக்கற வியன்னாவுக்கும் வெந்நீர் இருக்கற புடாபெஸ்ட்டுக்கும் அது ஒண்ணுமே இல்ல. ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர்ல பிராக்கை அடிச்சுக்க முடியாது. ஜூலை, ஆகஸ்ட்ல புடாபெஸ்ட் நம்ம ஊர் வெயில் காயும், 35 டிகிரி தாண்டுற நாளெல்லாம் உண்டு, பல பழைய கட்டடத்துல ஏசி கிடையாது.

அதனால நான் சொல்றது: ஒரு வாரம்னா வியன்னா நாலு ராத்திரி, புடாபெஸ்ட் மூணு ராத்திரி. வியன்னாவுல இறங்கி புடாபெஸ்ட்ல இருந்து ஃபிளைட் ஏறுங்க, திரும்பி வர்ற ரயில் மிச்சம். பிராக்கை அதோட ஒட்ட வெக்காதீங்க, அதுக்குத் தனியா ஒரு வசந்த காலத்துல நாலு நாள் குடுங்க. விசா மூணுக்கும் ஒரே ஷெங்கன்தான், பெரியவங்களுக்கு 90 யூரோ, இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். எந்த நாட்டுல ராத்திரி அதிகமோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், சமமா இருந்தா முதல்ல நுழையற நாட்டுக்கு. இந்த நாலு-மூணு கணக்குல அது ஆஸ்திரியா, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதைப் பாத்துட்டு அப்புறம் ரயில் டிக்கெட் எடுங்க.