சின்ன லேத்துக்கு எந்த டூல்: மேல் தட்டில் நின்றவையும் மயானத்துக்குப் போனவையும்

என் டூல் பெட்டியில் மூன்று தட்டுகள். மேல் தட்டில் இருப்பவை தினமும் கைக்கு வருபவை. நடுத்தட்டு எப்போதாவது திறப்பது. கீழ்த்தட்டுக்கு வீட்டில் வைத்த பெயர் 'மயானம்'. லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) வாங்கிய ஜோரில் வாங்கிக் குவித்த டூல்களில் பாதிக்கு மேல் அங்கேதான் படுத்திருக்கின்றன. மூன்று வருஷம் ஓட்டிய பிறகு எது எந்தத் தட்டில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதுதான் இந்த விமர்சனம்.

மெஷினை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. 180 மி.மீ. விட்டம் வரை சுழற்றும் மேசை லேத், 550 வாட் மோட்டார். பக்கத்தில் அதே தெம்புள்ள சின்ன மில்லிங் மெஷின். செய்வது நீராவி இஞ்சின்களின் சின்ன மாதிரிகள். பித்தளை, அலுமினியம், மைல்டு ஸ்டீல், கொஞ்சம் வார்ப்பிரும்பு. வேலை ராத்திரி எட்டு மணிக்கு மேல்.

முதலில் வாங்கியது 11 துண்டு கொண்ட பெட்டி ஒன்று. சதுரக் கம்பியின் நுனியில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் துண்டைப் பற்றவைத்து, மேலே பெயின்ட் அடித்தவை. பார்க்க என்னமோ போர்க்களத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. முதல் டூலை மாட்டி ஸ்டீல் கம்பியில் வைத்தேன். வெட்டவில்லை, தேய்த்தது. லேத் போட்ட கீச்சுச் சத்தத்தில் உள்ளறையிலிருந்து "யாரை அறுக்கிறீங்க?" என்று குரல் வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, பெட்டியிலிருந்த 11-க்கும் ஓரமே தீட்டவில்லை. தீட்டலாம் என்று பெஞ்ச் கிரைண்டரின் சாம்பல் நிறக் கல்லில் வைத்தேன். கல்தான் குழி விழுந்தது, கார்பைடு அப்படியே இருந்தது. கார்பைடைத் தீட்ட பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல் அல்லது வைரக் கல் வேண்டும். அது தெரியாமல் ஒரு நல்ல கல்லைக் கெடுத்தேன். பெட்டியோடு மயானம்.

அடுத்தது இன்செர்ட் டூல்கள். திருகைக் கழற்றி முனையை மாற்றிக்கொள்ளலாம், தீட்டும் தலைவலி இல்லை. சி.சி.எம்.டி. 060204 என்ற வகை. எண்களைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள்: 06 என்பது ஓரத்தின் நீளம் 6 மி.மீ., 02 தடிமன், கடைசி 04 முனையின் வளைவு 0.4 மி.மீ. வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நான் அரை மில்லிக்குக் குறைவாகச் சீவப்போனால் பரப்பு மங்கலாக, பிய்த்து எடுத்த மாதிரி வந்தது. கடைசி 0.05 மி.மீ. எடுக்கும்போது சுத்தமாக ஏமாற்றியது. ஒரு தடவை எதுவுமே வராது, அடுத்த தடவை கேட்டதைவிட இரண்டு மடங்கு வரும்.

காரணத்தை எனக்குச் சொன்னவர் வாழ்நாளெல்லாம் லேத்தில் நின்ற ஒரு பெரியவர். என் மெஷினை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த டூல் யானைக்குச் செஞ்ச அங்குசம். நீங்க ஆட்டுக்குட்டியை வெச்சிருக்கீங்க" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார்பைடு விரும்பும் நிமிஷத்துக்கு 120 மீட்டர் வேகத்தில், 1.5 மி.மீ. ஆழம், சுற்றுக்கு 0.2 மி.மீ. நகர்வு என்று மைல்டு ஸ்டீலைச் சீவினால் ஒரு கிலோவாட்டுக்கு மேல் சக்தி வேண்டும். என்னிடம் இருப்பது அதில் ஏறக்குறைய பாதிதான். அதோடு, சாதாரண எம் வகை (சி.சி.எம்.டி.யின் மூன்றாவது எழுத்து) இன்செர்ட்டின் ஓரம் உடையாமல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே லேசாக உருட்டப்பட்டிருக்கும். கனமான மெஷின் அழுத்தித் தள்ளினால் அது வெட்டும். என் லேத் தள்ளினால் லேத்தே பின்னுக்கு வளையும்.

கார்பைடின் பெருமையெல்லாம் சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. ஆனால் சூட்டைத் தாங்கும் முதல் டூல் அது இல்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கிய ஹை ஸ்பீடு ஸ்டீலைக் காட்டியபோது, முனை சிவக்கச் சிவக்க அது வெட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் ஐரோப்பியப் பொறியாளர்கள் வாயைப் பிளந்தார்கள். கிட்டத்தட்ட 600 டிகிரி வரை அதன் கடினம் இறங்காது. என் லேத்தில் டூல் சிவப்பதற்கு முன் மோட்டார் நின்றுவிடும். அப்படியிருக்க அதற்கும் மேலான சூட்டைத் தாங்கும் பொருளுக்கு நான் ஏன் அலைந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆக, மேல் தட்டின் ராஜா ஹெச்.எஸ்.எஸ்., அதாவது அந்த ஹை ஸ்பீடு ஸ்டீலால் ஆன டூல் பிட். 8 மி.மீ., 10 மி.மீ. சதுரக் கம்பிகளாக வரும், முனையை நாமே சாணை பிடித்துக்கொள்ள வேண்டும். எம்2 என்ற சாதாரண ரகமே போதும். 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 வாங்கினேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது, மற்றபடி வித்தியாசம் தெரியவில்லை.

சாணை பிடிப்பதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. என்னையும் பயமுறுத்தியது. முதல் மூன்று பிட் கோணல்மாணலாகத்தான் வந்தன. நாலாவது வெட்டியது. முன்னாலும் பக்கத்திலும் சுமார் 8 டிகிரி கீழ்ச்சரிவு, ஸ்டீலுக்கு மேலே 12 டிகிரி பக்கச்சரிவு, மூக்கைச் சின்ன எண்ணெய்க் கல்லில் இரண்டு தேய்ப்பு. கடைசி வேலையை விட்டால் பாதி பலன் போச்சு. கல்லில் தேய்த்த முனையை நகத்தில் வைத்து இழுத்தால் வழுக்கக் கூடாது, சுருளாகச் சீவ வேண்டும். அந்த முனையால் 20 மி.மீ. ஸ்டீல் கம்பியை நிமிஷத்துக்கு 480 சுற்றில், ஒரு சொட்டு எண்ணெயோடு கடைந்தபோது வெள்ளிச் சுருள் ஒன்று அறுபடாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. 0.02 மி.மீ. கேட்டேன், 0.02 கொடுத்தது. அன்றைக்கு லேத்தை அணைக்க மனசே வரவில்லை.

பித்தளைக்கு மட்டும் அந்த மேல்சரிவு ஆகாது. தட்டையாகவே விடுங்கள். சரிவு இருந்தால் டூலை உள்ளே இழுத்துக் கடித்துக்கொள்ளும். அதற்கென்றே ஒரு பிட்டைத் தனியே வைத்திருக்கிறேன், நுனியில் மஞ்சள் பெயின்ட் தடவி.

எந்த டூலானாலும் மைய உயரம் சரியில்லை என்றால் டூலைத் திட்டிப் பயனில்லை. கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாகக் கவ்வ வையுங்கள். நேராக நின்றால் சரி. தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. நான் தகர டப்பாவை வெட்டி அடியில் வைத்துச் சரிசெய்கிறேன்.

இன்செர்ட்டுகளை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் இல்லை. சி.சி.எம்.டி.யில் மூன்றாவது எழுத்து ஜி ஆக, சி.சி.ஜி.டி. என்று வருபவை வேறு ஜாதி. ஓரம் சாணையில் தீட்டப்பட்டு, மேற்பரப்பு கண்ணாடி போல் இருக்கும். அலுமினியத்துக்கென்று விற்கிறார்கள். ஸ்டீலிலும் மெல்லிய சீவலுக்கு நன்றாகப் போகிறது, ஓரம் சீக்கிரம் உதிர்ந்தாலும். அவசரத்துக்கு என் கை போவது இதற்குத்தான். நடுத்தட்டு.

எண்ட் மில் (மில்லிங் மெஷினில் சுழன்று வெட்டும் டூல்) விஷயத்தில் என் தவறு டூலில் இல்லை, பிடிப்பதில். மில்லிங் மெஷினோடு வந்த டிரில் சக்கிலேயே எண்ட் மில்லை மாட்டி ஓட்டினேன். 3 மி.மீ. ஆழத்தில் ஆரம்பித்த காடி மறுமுனையில் 3.8 இருந்தது. எண்ட் மில்லின் முறுக்கு அதைக் கீழே இழுக்கிறது, பக்கவாட்டு அழுத்தத்தில் சக்கின் பிடி தளர்கிறது, டூல் மெல்ல இறங்குகிறது. இரண்டு நாள் வேலை பார்த்த சிலிண்டர் கட்டை அன்று குப்பைக்குப் போனது. மறுநாளே இ.ஆர். கொலட் செட் (டூலின் தண்டைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் பிடிகள்) வாங்கினேன். மூன்று வருஷத்தில் உருப்படியான செலவு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், எந்த எண்ட் மில்லையும் இல்லை.

எண்ட் மில்லில் பெரிய செட் வேண்டாம். 20 துண்டு செட்டில் நான் தொட்டது 6, 8, 10 மி.மீ. மட்டும். அலுமினியத்துக்கு இரண்டு பல், ஸ்டீலுக்கு நான்கு பல். அலுமினியத்தில் நான்கு பல்லை விட்டால் பல்லிடுக்கில் சீவல் அடைத்துக்கொண்டு பிசின் மாதிரி ஒட்டும், கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் ஒட்டுவது குறையும். 10 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். மில்லை ஸ்டீலில் 800 சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள். திடக் கார்பைடு மில் இரண்டு வாங்கினேன். ஒன்று என் மெஷினின் அதிர்விலேயே மூலை உடைந்தது. இன்னொன்றை எடுக்கும்போது கைதவறி தரையில் போட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

துளையை உள்ளே கடைந்து பெரிதாக்கும் போரிங் பாருக்கு ஒரே விதி: துளைக்குள் போகும் அளவில் மிகத் தடியானது, வெளியே நீட்டுவது மிகக் குறைவானது. நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. அலறினால் டூலை மாற்றும் முன் நீட்டத்தைக் குறையுங்கள்.

போன மாதம் வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் ஒன்று கடைய வேண்டி வந்தது. வார்ப்பின் மேல்தோலில் மணலும் இறுகிய இரும்பும். என் செல்ல ஹெச்.எஸ்.எஸ். முனை ஒரே சுற்றில் மழுங்கிப்போனது. மயானத்தைக் கிளறி அந்தப் பெயின்ட் அடித்த 11-இல் ஒன்றை எடுத்தேன், இப்போது கையிலிருக்கும் வைரக் கல்லில் கால் மணி நேரம் தீட்டினேன். 1 மி.மீ. ஆழம் கொடுத்து தோலுக்கு அடியில் நேராக இறக்கினேன். கறுப்புப் பொடியாகக் கொட்டியது, சத்தமே இல்லை. அந்த ஒன்று மட்டும் இப்போது மேல் தட்டில் இருக்கிறது. மற்ற பத்து அங்கேயேதான்.