21,500 ரூபாய் கட்டி, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தோம்

இன்று காலைதான் கடலூர் வந்து இறங்கினோம். வயிறு எரிகிறது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

அப்பா அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அங்கே ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்த டியூ-142 ரோந்து விமானம் என்றால் அவருக்கு உயிர். கார்கில் சமயத்தில்கூடக் கடல் ரோந்து போன விமானம் அது. 2017இல் ஓய்வு கொடுத்து, விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். எதிரிலேயே 1971 போரில் இருந்த குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலும் இருக்கிறது.

புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸ். அப்பா, நான், என் மகன், மூன்று பேருக்கு ரயில், பகல் நேர ரூம், கார், இரண்டு இடத்துக்கும் டிக்கெட் எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய் என்றார்கள். நான் தயங்கத்தான் செய்தேன். ஆனால் அங்கிருந்த பையன் எழுந்து அப்பாவுக்கு நாற்காலி போட்டான், டீ வாங்கி வரச் சொன்னான். “அப்பா, நீங்க அரக்கோணத்துல அண்ணாந்து பார்த்த விமானம், இப்ப உள்ள போய் பைலட் சீட் கிட்ட நின்னு போட்டோ எடுக்கலாம்” என்றான். அப்பா முகத்தைப் பார்த்ததும் அங்கேயே ஜிபேயில் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். ரசீதுகூடக் கேட்கவில்லை.

நேற்று போய்ச் சேர்ந்தோம். திங்கட்கிழமை. இரண்டு இடத்துக்கும் வார விடுமுறை! தேதியைக் குறித்துக் கொடுத்ததே அவர்கள்தான். கார் டிரைவரிடம் டிக்கெட் எதுவும் இல்லை, அவருக்குச் சொல்லவும் இல்லையாம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். “நாலு இன்ஜின், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு விசிறி, எதிரெதிரா சுத்தும். அதான் அந்தச் சத்தம்” என்று பேரனுக்குக் கையைச் சுழற்றிக் காட்டினார். உள்ளே போக முடியாது என்று நான் சொன்னதற்கு, “சரி, பரவாயில்லப்பா” என்றார். எனக்குத்தான் தாங்கவில்லை. அன்று இரவே திரும்பும் ரயில்.

அங்கிருந்தே போன் போட்டேன். “ஓனர் ஊர்ல இல்ல சார்.” அப்புறம், “ரயில்ல போனீங்க, ரூம்ல தங்கினீங்க, மியூசியம் மூடினா நாங்க என்ன செய்ய?” டிக்கெட் காசையாவது கொடுங்கள் என்றால், “பேக்கேஜ்ல தனியா பிரிக்க முடியாது.” நாற்காலி போட்ட அதே பையன்தான்! மாலையில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். 21,500 ரூபாய், அப்பாவின் பென்ஷன் சேமிப்பும் அதில் இருக்கிறது.

நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. விடுமுறை நாளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை போகாதீர்கள். டிக்கெட்டை அங்கேயே கவுண்டரில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள், எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன். நாளை காலை கடை திறக்கும் நேரத்துக்கு நேரிலும் போகிறேன்.