மாருத் மாடல் விமானம்: பதினான்கு மாத வேலை, மூன்று ஆண்டு அலமாரி

சமையலறைக் கருங்கல் மேடையில் உடற்பகுதியின் இடது பாதியைக் கவிழ்த்து வைத்தேன். மூக்கு கல்லைத் தொட்டது, வால் தொட்டது, இடுப்பு தொடவில்லை. பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்றாம் பிறை போல வெளிச்சம் வளைந்து தெரிந்தது. வெர்னியர் அளவியை வைத்து அளந்தேன்: நடுவில் இரண்டு மில்லிமீட்டர். இது 1:72 அளவு மாடல். ஆறடி மனிதன் இதில் ஓர் அங்குலம்தான். அந்தக் கணக்குப்படி நிஜ விமானத்தின் வயிற்றில் பதினான்கு சென்டிமீட்டருக்கு மேல் பிளவு.

பாகங்களை ஒட்டிக் கட்டும் இந்த மாடல் பெட்டியில் இருந்தது எச்.எஃப்.-24 மாருத், இந்தியாவில் உருவான ஜெட் போர் விமானம். சிறிய எண்ணிக்கையில் வார்த்து விற்கும் ஒரு தயாரிப்பாளருடையது. நான் கொடுத்த விலை 2,400 ரூபாய். 2021 பொங்கல் விடுமுறையில் தொடங்கி 2022 மார்ச்சில் முடித்தேன். முடித்த வாரத்திலேயே எழுதியிருந்தால் இந்த அனுபவம் வேறு மாதிரி வந்திருக்கும். பொருந்தாத பெட்டியில், ஒட்டிய அன்று எல்லா மூட்டும் நன்றாகத்தான் தெரியும். எது நின்றது, எது உள்வாங்கியது என்று சொல்ல எனக்கு மூன்று பெங்களூர் மழைக்காலங்கள் தேவைப்பட்டன.

எங்கள் வீட்டிலிருந்து சுரஞ்சன் தாஸ் சாலை நடக்கும் தொலைவு. அந்தப் பெயர்ப்பலகையைத் தினமும் கடந்து பஸ் ஏறுகிறவர்களில் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. 1961 ஜூன் 17 அன்று இதே ஊரில் மாருத்தை முதன்முதலாக வானில் ஏற்றிய விமானி அவர். 1970 ஜனவரியில், மாருத்தின் மாற்றியமைத்த மாதிரி ஒன்றைச் சோதித்தபோது விபத்தில் இறந்தார். என் அப்பா 1973இல், மாருத்தைச் செய்த எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தொழிற்சாலையில் தகடு வேலை ஃபிட்டராகச் சேர்ந்தவர். மாருத் தயாரிப்பின் கடைசி ஆண்டுகளில் அதன் பின்னுடல் பகுதியில் ரிவெட் அடித்திருக்கிறார். மொத்தம் 147 மாருத்துகள் செய்தார்கள். எத்தனையில் தன் கை பட்டது என்று அவர் எண்ணி வைக்கவில்லை. மாடல் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது இந்த விமானத்தைத்தான்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரு பாதிகளையும் நேராகப் பிடித்து நிறுத்தும் முளைகள் இல்லை. இறக்கையில் செருகு நாக்கு இல்லை. இரண்டு தட்டை முகங்களை முட்டவைத்து ஒட்ட வேண்டும். எல்லா ஓரங்களிலும் பிசிறு. இறக்கை தடித்திருக்கும் இடங்களில், பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளிழுத்த குழிகள். ஆனால் மேற்பரப்பில் செதுக்கிய தகட்டுக் கோடுகள் மெல்லியவை, கண்ணுக்கு இதமானவை. நீளம் 220 மி.மீ., இறக்கை அகலம் 125 மி.மீ. நிஜ மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், அகலம் 9 மீட்டர். 72ஆல் வகுத்துப் பாருங்கள், மில்லிமீட்டர் பிசகாது. அச்சு வெட்டியவர் வரைபடத்தை மதித்திருக்கிறார். பெட்டியை மூடிப் பரணில் போடாமல் இருந்ததற்கு அந்த ஒரு மரியாதையே காரணம்.

வளைந்த பாதியை நிமிர்த்துவது எளிது. கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, கருங்கல்லின் மேல் வைத்து, ஈரத் துணி சுற்றிய அம்மிக் குழவியால் அழுத்தி ஆறவிட்டேன். இரண்டு முறை செய்தபின் பிறை மறைந்தது. நிமிர்த்திய பாதிகளைச் சேர்த்துப் பிடித்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. விமானி அறைக்கு முன்னும் பின்னும் வாய் பிளந்தே நின்றது. கண்ணாடி மூடி உடலைவிடக் குறுகலாக இருந்தது. இடது இறக்கை வேரில் ஒன்றரை மில்லிமீட்டர் சந்து.

நான் சந்துகளை நிரப்பும் பட்டிக் குழாயை எடுத்தேன். அப்பா தடுத்தார்.

"அது அப்புறம். இது எதனால் பிரிந்து நிற்கிறது என்று முதலில் கண்டுபிடி அம்மா."

பட்டறையில் அவர்கள் 'ப்ளூ' என்று ஒரு நீல மையை வைத்திருப்பார்களாம். ஒரு முகத்தில் மெல்லப் பூசி மற்றொன்றை அதன்மேல் அழுத்தினால், மேடான இடத்தில் மட்டும் மை ஒட்டும். அந்த இடத்தை அரத்தால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி அழுத்துவார்கள். மை முகம் முழுவதும் பரவலாக ஒட்டும்வரை இதுதான் வேலை. பிளாஸ்டிக்கில் அந்த மை கறையாகிவிடும் என்பதால், அப்பா குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தந்தார். விமானி அறைத் தொட்டியின் இரு பக்கங்களிலும் பூசினேன். பாதிகளைச் சேர்த்து அழுத்திப் பிரித்தேன். தொட்டியின் பின்மூலைகள் பட்ட இடத்தில், உடலின் உட்புறம் இரண்டு சிவப்புப் பொட்டுகள் இருந்தன.

வெளியே மூன்று இடங்களில் தெரிந்த குறைக்கு உள்ளே காரணம் ஒன்றுதான். தொட்டி ஒரு மில்லிமீட்டர் அதிக அகலம். அது உடலை உள்ளிருந்து விரித்ததால் மேலே மூடி போதாமல் போனது, கீழே மூட்டு பிளந்தது, பக்கத்தில் இறக்கை வேர் சாய்ந்தது. பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் தேய்த்தேன். அறைக்குள் குனிந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த அரை மில்லிமீட்டர் படவே படாது. கண்ணாடி மூடி தானாக இறங்கி உட்கார்ந்தது. இறக்கை வேரின் சந்து எவ்வளவு என்று அப்பாவின் ஃபீலர் கேஜால், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால், பார்த்தோம், 0.8 மி.மீ. ஆகக் குறைந்திருந்தது. அன்றே பட்டி பூசியிருந்தால், விரிந்த உடலுக்கு ஏற்ப மூடியைச் சுரண்டி, வேரை நிரப்பி, மாருத் அல்லாத ஏதோ ஒரு பருத்த விமானத்தைச் செய்து முடித்திருப்பேன்.

அடுத்தது இடுப்பு. மாருத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், ஜெர்மனியின் ஃபோக்-வுல்ஃப் 190 போர் விமானத்தைச் செய்தவர். 1956இல் இந்தியாவுக்கு வந்தவர். ஒலியின் வேகத்தை நெருங்கும் விமானத்தில், மூக்கிலிருந்து வால்வரை குறுக்கு வெட்டுப் பரப்பு சீராகக் கூடிச் சீராகக் குறைய வேண்டும். திடீரென்று இறக்கை வந்து சேரும் இடத்தில் பரப்பு எகிறாதிருக்க, உடலை அங்கே ஒடுக்கினார்கள். மாருத்தின் அழகே அந்த ஒடுக்கம்தான். அங்கே தகடு இரண்டு திசையில் வளையும். பட்டறையில் அதிக நேரம் பிடித்ததும் அந்தத் தகடுகள்தான் என்கிறார் அப்பா. பெட்டியிலும் பொருத்தம் மோசமாக இருந்தது அதே இடத்தில். பிளாஸ்டிக் மெல்லியது, உள்ளே தாங்க ஒன்றும் இல்லை, விரல் பட்டால் உள்வாங்கியது. பாகங்களைப் பிடித்திருக்கும் வார்ப்புச் சட்டத்திலிருந்து மூன்று துண்டுகளை அறுத்து, குறுக்கே முட்டுக் கொடுத்தேன். அதன்பின் இரு பக்கத் தோலும் ஒரே மட்டத்தில் நின்றன.

என்ஜின் புகைபோக்கிகளின் மூட்டில், ஒரு பக்கம் மற்றதைவிட உயர்ந்து ஒரு மில்லிமீட்டர் படி இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டிருந்த இரவில்தான் அப்பா என்ஜின் கதையைச் சொன்னார். ஆர்ஃபியஸ் 12 என்ற சக்திவாய்ந்த என்ஜினை மனத்தில் வைத்து வரைந்த உடல் இது. அந்த என்ஜின் வரவே இல்லை. தலா 4,850 பவுண்டு உந்துவிசை தரும் ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பொருத்தினார்கள். நினைத்த வேகம் கடைசிவரை கிடைக்கவில்லை. "உடம்புக்கு ஏற்ற என்ஜின் வராத விமானம். அதற்காக உடம்பைக் குறை சொல்லலாமா?" என்றார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் குரலில் வருத்தம் இருந்தது. எனக்கும் அந்த வருத்தம் தொற்றிக்கொண்டது. அந்தப் படியை அரை நாளில் முடித்திருக்கலாம். மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

இறக்கைகளை வெறுமனே முட்டவைத்து ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 0.8 மி.மீ. துளை போட்டு, காகித கிளிப்பின் கம்பியை நறுக்கிச் செருகினேன். சந்துக்குள் பட்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் வைத்தேன்: வலப்பக்கம் 0.25 மி.மீ. ஒன்று, இடப்பக்கம் அதே தாள் மூன்று. நடுவில் ஒரு சந்தேகம் வந்தபோது, பழைய விமான நிலையச் சாலையில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு அப்பாவோடு போனேன். அங்கே நிற்கும் மாருத்தின் காற்று நுழைவாயிலில் அரைக்கூம்பு எவ்வளவு முன்னால் துருத்தியிருக்கிறது என்று பார்த்துவந்தோம். எனக்கு வேண்டியிருந்தது ஒரு படம். அப்பா பின்னுடலின் அடியில் வெகு நேரம் நின்றார், நான் அவசரப்படுத்தவில்லை.

வெள்ளி நிறம் பூச முடிவு செய்தது துணிச்சலான காரியம். பச்சையும் பழுப்பும் பல குறைகளை மறைத்துவிடும். வெள்ளியில் முடியளவு கோடும் கத்தும். ப்ரைமர் அடித்து, 600, 800, 1000 என்று உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, மறுபடி ப்ரைமர் அடித்தேன். ஐந்து சுற்று. தேய்ப்பில் அழிந்த தகட்டுக் கோடுகளை, தடித்த ஒட்டுநாடாவை அளவுகோலாக வைத்து ஊசியால் மீண்டும் கீறினேன். இந்தப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை, பொறுமை மட்டும்தான்.

இனி, மூன்று ஆண்டுகளில் கண்டவை.

வயிற்றுப் பக்க மூட்டில் சூப்பர் குளூ நிரப்பியிருந்தேன். அது இன்றும் கண்ணாடி போல இருக்கிறது, துளியும் இறங்கவில்லை. அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒட்டிய சில மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். ஒருநாள் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். தேய்க்கும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் பள்ளமாகும். கண்ணாடி மூடியின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது, ஆவி பட்டு வெண்பனி படியும். மூடிக்கு நான் வைத்தது சாதாரண வெள்ளைப் பசை. இன்றும் தெளிவாக இருக்கிறது.

குழாயில் வரும் சாம்பல் நிறப் பட்டியை ஓர் இடத்தில் மட்டும், இடது இறக்கை வேரின் பின்முனையில், அவசரத்தில் பூசினேன். எட்டாவது மாதம் அங்கே ஒரு பள்ளக்கோடு தோன்றியது. அதிலுள்ள கரைப்பான் மாதக்கணக்கில் மெதுவாக வெளியேறும். வெளியேற வெளியேறப் பட்டி சுருங்கும். தடிமனாகப் பூசினால் இன்னும் மோசம். தாள் வைத்த இடங்கள் அத்தனையும் அசையாமல் நிற்கின்றன. புகைபோக்கிப் படிக்கு, குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் எம்-சீலைப் பிசைந்து வைத்தேன். மாவு கொஞ்சம் கரகரப்பு, மெல்லிய ஓரம் வராது. ஆனால் சுருக்கம் இல்லை.

என்னை ஏமாற்றியது முதுகு மூட்டு. வார்ப்புச் சட்டத் துண்டுகளைத் திரவப் பசையில் கரைத்து, அந்தக் கூழை நிரப்பினேன். அதே பிளாஸ்டிக் என்பதால் ஒரே உடலாகிவிடும் என்று நம்பினேன். ஒரு வாரம் காயவிட்டது போதவில்லை. இரண்டாம் ஆண்டு மூடிக்குப் பின்னே இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கோடு இறங்கிவிட்டது, நடுவில் குமிழி போன்ற ஒரு புள்ளியும். ஒரு மாதம் காயவிட்டிருந்தால் நின்றிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

முன்சக்கரம் தரையில் நிற்க மூக்கில் எடை வேண்டும். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து வைப்பது பலரின் வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஈயம் அந்தப் பசையோடு வினைபுரிந்து, வெண்மையான உப்பாகப் பூத்து, ஆண்டுகள் கழித்து ஒட்டிய இடத்தையே பிளந்துவிடும். நான் சைக்கிள் கடையில் வாங்கிய எஃகுக் குண்டுகளைப் போட்டேன். மூக்கு அப்படியே இருக்கிறது. எடையைத் தாங்கிய கால்தான் தாங்கவில்லை. பெட்டியில் வந்த முன்கால் ஒன்றரை ஆண்டில் மெல்ல வளைந்து, விமானம் தலைகுனிந்து நின்றது. பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்து மாற்றினேன். இதைக் கட்டப் போகிறவர்கள் முதலிலேயே அதைச் செய்துவிடலாம்.

நீர் ஒட்டுப்படங்களின் ஓரம் சற்று மஞ்சளித்திருக்கிறது. அவ்வளவுதான்.

யாருக்கு இதைச் சொல்வேன்? முதல் மாடல் கட்டுகிறவருக்கு வேண்டாம். கை சோர்ந்து கலையையே விட்டுவிடுவார். பெட்டியின் விலைக்கு மேல் தாள், பசை, உப்புத்தாள், ப்ரைமர் என்று எனக்கு இன்னொரு 1,900 ரூபாய் ஆனது. ஐந்தாறு மாடல்கள் கட்டியவர், மாருத்தின் மேல் ஆசை உள்ளவர் தயங்காமல் வாங்கலாம். வடிவம் சரியாகவும் பொருத்தம் தவறாகவும் உள்ள பெட்டியைத் திருத்த முடியும். அழகாகப் பொருந்தி, வடிவம் தப்பிய பெட்டிகளும் என்னிடம் இரண்டு இருக்கின்றன. அவற்றை யாராலும் திருத்த முடியாது.

முதுகுக் கோட்டை மட்டும் அப்படியே விட மனம் வரவில்லை. இந்த டிசம்பரில் அந்த இடத்தை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, கூழை எடுத்துவிட்டு, தாள் வைத்து மூடப் போகிறேன். வெள்ளி நிறம் அதே தொகுதியில் அரைப் புட்டி மீதம் இருக்கிறது. 0.25 மி.மீ. தாளில் பட்டை வெட்டி, ஓரம் சீவி, அப்பா தன் ஃபீலர் கேஜ் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். நேற்று எண்ணிப் பார்த்தேன், நான்கு பட்டைகள்.