குருவித் தட்டில் அணில்: மிளகாய்த்தூளா, தகரக் கூம்பா?

இராயபுரம், காசிமேடு மொட்டை மாடிகளில் சிட்டுக்குருவிகளுக்குக் கம்பும் தினையும் வைப்போர், அணிலைத் தடுக்கத் தானியத்தில் மிளகாய்த்தூள் கலப்பது, தட்டுக்கு மேல் தகரக் கூம்பு மாட்டுவது ஆகிய இரண்டில் ஒன்றை நாடலாம்.

மிளகாயிலுள்ள காப்சைசின் என்னும் காரப்பொருள் பாலூட்டியான அணிலின் வாயை எரிக்கும். பறவைகள் அந்த எரிச்சலை உணர்வதில்லை. ஆயினும் கடற்காற்றில் தூள் பறந்து, அணிலின் கண்ணிலும் துணி உலர்த்த வருவோர் கண்ணிலும் விழும். ஐப்பசி மழை அதனைக் கழுவிவிடும். முதுகில் மூன்று கோடுகள் கொண்ட அச்சிற்றுயிரை வருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

கூம்புக்கு ஒருமுறைச் செலவுதான். தட்டு தொங்கும் கம்பியில், தட்டுக்கு மேலே, அதைவிட அகலமான கூம்பைத் தளர்ந்து ஆடும்படி கவிழ்த்து மாட்டினால், கம்பி வழியே இறங்கும் அணில் பிடிமானமின்றிச் சறுக்கும். தானியமும் எளிதில் நனையாது. கைப்பிடிச் சுவரும் முருங்கைக் கிளையும் தட்டுக்கு அருகில் இருந்தால் அணில் பக்கவாட்டில் தாவிவிடும் என்பதால், இரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி விடுங்கள். தகரத்தின் விளிம்பை மடித்தே மாட்டுங்கள். கூரிய முனை குருவியின் காலைக் கிழிக்கும்.