ஒன்பது வருஷமும் இரண்டு சக்கர நாற்காலிகளும்

'சக்கர நாற்காலியில் முடங்கினார்' என்று செய்தித்தாளில் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நான் முடங்கிக் கிடந்தது நாற்காலி வருவதற்கு முந்தைய எட்டு மாதம், கட்டிலில். அது வந்த பிறகுதான் வாசற்படி தாண்டினேன். ஒன்பது வருஷமாகிறது.

முதலில் வாங்கியது ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்குமே, அந்த ரகம். எல்லாருக்கும் ஒரே அளவு, யாராவது தள்ளினால்தான் உருப்படியாக நகரும். நான்கு வருஷத்துக்கு முன் சென்னை ஐஐடியில் உருவான நியோஃபிளைக்கு மாறினேன். சட்டைக்கு அளவெடுப்பது போல இடுப்பு, கால் எல்லாம் அளந்து செய்கிறார்கள். முதல் நாளே தோள்வலி குறைந்தது. முன்னால் நியோபோல்ட் என்ற மோட்டாரை மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். நான் 15-ஐத் தாண்டுவதில்லை, நம் ரோடு அப்படி.

சரி, சௌகரியங்களுக்கு வருவோம். பெரிய சொத்து என் மடி. காய்கறிப் பை, லேப்டாப், சமயத்தில் அக்கா மகள். "சித்தி, ஒரு ரவுண்டு!" என்று ஏறிக்கொண்டால் இறங்கமாட்டாள். கல்யாண வீட்டில் இடம் பிடிக்க ஓட வேண்டாம் (பந்தி மேசையில் முட்டி இடிக்கும், அது வேறு கதை). 2019-இல் வாங்கிய செருப்பு இன்னும் புதுசு. தேய்வது டயர்தான். பங்க்சர் ஆனால் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு ஒட்டித் தருவார்.

மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, ரயில் தரையும் பிளாட்ஃபார்மும் ஏறக்குறைய ஒரே மட்டம். "கொஞ்சம் கூட வர்றியா?" என்று யாரையும் கேட்காமல் கிளம்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நடப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மெரினாவில் மணலைத் தாண்டி நாற்காலி கடல்வரை போக, முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம்தான் தற்காலிகப் பாதை போடுவார்கள். 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை வந்தது, இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. சரிசெய்த பிறகு ஒரு சாயங்காலம் தனியாகப் போய், சுண்டல் தீரும்வரை அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பராமரிப்பு அதிகமில்லை. கடற்கரை போய்வந்தால் உப்பையும் மணலையும் அன்றே துடைத்துவிடுங்கள். அப்புறம், முன்சக்கர அச்சில் ஊரார் தலைமுடியெல்லாம் சுற்றிக்கொள்ளும், மாதம் ஒரு தரம் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். போன மாதம் முடியோடு பூ கட்டும் நாரும் கொஞ்சம் ஜிகினாவும் வந்தன.